மாமாவுக்கு ஒரு டம்ளர்

அண்ணாவுக்கு,

பாப்பாவின் ரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று தெரிந்ததும் உனக்குப் பாசம் பொங்கிவிட்டதாக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போகிறாயாம். உன் பாசத்துக்கும் டாக்டர் சர்டிபிகேட் வேண்டியிருக்கிறது.

அக்கா எய்ட்ஸில் போன மறுவாரமே அவள் கட்டிலையும் மெத்தையையும் வண்டியில் ஏற்றிப் போனாய். இன்றும் அதில்தான் குறட்டை விடுகிறாய். அவள் பெற்ற பிள்ளையைத் தொட்டால் மட்டும் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று, தனி டம்ளர் கொடுத்து வராந்தாவில் படுக்கவைத்தாய். பிறகு என் வாசலில் இறக்கிவிட்டாய். என்ன மூளையோ!

நீ வருவதாகச் சொன்னதும் பாப்பா கேட்டாள்: "சித்தி, மாமாவுக்கும் தனி டம்ளர் வைக்கணுமா?"

அவளை அனுப்ப மாட்டேன். நீ தாராளமாக வா. டம்ளரை எடுத்து வைத்துவிட்டாள்.

உனக்கு மிச்சமிருக்கும்
தங்கை