பெவர்லி இழுத்துப் போட்ட கதிரை

ஸ்காபரோ
20.11.1994

அன்பு மகன் றொனால்ட்டுக்கு,

தேவமாதாவின் துணையால் இங்கே எல்லோரும் சுகம், வன்கூவர் மழையில் நீயும் சுகமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று இரண்டு கிழமையாக ஒன்றை மறைத்தேன், நல்லபடி முடிந்ததால் இப்போது எழுதுகிறேன்.

உன் தங்கச்சி ஏஞ்சலாவைப் பள்ளிக்கூடத்தில் ஐந்து நாள் சஸ்பென்ட் பண்ணினார்கள். சாப்பாட்டு நேரம் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இவளைப் பாக்கி என்று, பாகிஸ்தான்காரரைக் கேவலப்படுத்துகிற சொல்லால் பழித்து, சோற்றுப் பெட்டியைத் தட்டி விழுத்தியிருக்கிறாள், இவள் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். தள்ளியது பிழைதான், அதை நான் இவளுக்கே சொன்னேன். ஆனால் அந்தப் பிள்ளையை வகுப்புக்குப் போகச் சொல்லிவிட்டு இவளை மட்டும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த கடிதத்தில், தமிழ்ப் பெடியளின் சண்டைக் குழுக்களோடு தொடர்பு இருக்கலாம் என்றும் ஒரு வரி. கணக்கில் தொண்ணூறு எடுக்கிற பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்தபடி, அம்மா நான் இனி அங்க போகமாட்டன் என்றாள். அகதியாக வந்த நாங்கள் வாய் திறந்தால் குடியுரிமைப் பேப்பருக்குப் பிரச்சினை வரும், பேசாமல் இருப்பம் என்றார் அப்பா. எனக்கும் அதே பயம்தான்.

எங்கள் கட்டிடத்தின் கீழே, உடுப்புத் தோய்க்கிற லோன்றியில் மடிக்கும்போது அழுதுவிட்டேன். ஐந்தாம் மாடியில் இருக்கிற ஜமேக்காப் பெண் பெவர்லி, நீ போன பிறகு குடிவந்தவர், பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டார். என் அரைகுறை இங்கிலிஷில் சொன்னேன். அவருடைய மகனையும் இந்த வருஷம் மூன்று தரம் இப்படி அனுப்பியிருக்கிறார்களாம். பயப்படாதே, அப்பீல் பண்ண உனக்கு உரிமை இருக்கு என்று சொல்லி, அடுத்த நாள் தன் வேலைக்கு லீவு போட்டு என்னோடு வந்தார்.

உதவி அதிபர் எங்களை இருக்கச் சொல்லவில்லை. பெவர்லி தானே கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார். குழு என்று எழுதியதற்கு என்ன சாட்சி, மற்றப் பிள்ளைக்கு என்ன தண்டனை என்று கேட்டார். பிறகு, அன்று சாப்பாட்டு அறையில் நின்ற ரீச்சரைக் கூப்பிடச் சொன்னார். அந்த ரீச்சர் தலையைக் குனிந்தபடி, முதலில் பழித்துத் தட்டியது மற்றப் பிள்ளைதான், என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை என்றார். நானும் எழும்பி, என்ர பிள்ளையில உப்பிடி எழுதாதையுங்கோ என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாளே ஏஞ்சலா பள்ளிக்கூடம் போனாள். அந்தக் கடிதத்தைப் பைலில் இருந்து எடுத்துவிட்டதாக எழுத்திலும் தந்தார்கள். மன்னிப்புத்தான் கேட்கவில்லை.

நன்றி சொல்ல, உருளைக்கிழங்கு வைத்து றோல்ஸ் பொரித்துக்கொண்டு பெவர்லி வீட்டுக்குப் போனேன். அங்கேதான் முழுக்கதையும் தெரிந்தது. மகனுக்காக அவர் தனியப் போய்க் கேட்டபோது ஒன்றையும் மாற்றவில்லையாம், இப்போது அவனைக் கீழ் வகுப்புக்கு இறக்கப் பார்க்கிறார்களாம். வருகிற வியாழன் கல்விச் சபையில் அதற்குக் கூட்டம். தன் பிள்ளைக்குக் கிடைக்காததை எங்கள் பிள்ளைக்கு வாங்கித் தந்த மனிசியை நினைக்க நெஞ்சு நிறைகிறது ராசா. வியாழன் அவரோடு போக நான் லீவு கேட்டுவிட்டேன். பேசாமல் இருப்பம் என்ற அப்பாவும், நானும் வாறன் என்று சொல்லிச் சேட்டை அயன் பண்ணி வைத்திருக்கிறார்.

தங்கச்சிக்குப் போன் எடு, இந்தக் கதையை நீயாகத் தொடங்காதே. பெவர்லிக்கு ஒரு நன்றிக் கார்ட் அனுப்பு, உன் இங்கிலிஷ் வடிவு. வியாழக்கிழமை அவருடைய மகனுக்காக ஒரு செபம் சொல்ல மறந்துவிடாதே. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பாராக.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா அருள்மலர்