தண்ணீர் எதுவரை வந்தது?

ஜூன் 3

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். நாளை மறுநாள் எங்கள் மனையைப் பார்க்கக் கட்டட அனுமதி அதிகாரி வருகிறார்! சரி என்றுவிட்டால் இந்த வாடகை வீட்டுக்கு டாட்டா. எனக்கென்று ஓர் அறை — கதவோடு!

ஆனால் அப்பா சாப்பிடும்போது சொன்னார்: “வெள்ளம் எவ்வளவு வந்துச்சுன்னு கேப்பாங்க. முழங்கால் அளவுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா அனுமதியே தரமாட்டாங்க. யாராவது உளறினீங்க, அவ்ளோதான்.”

முழங்காலா? அதே மனையில், ஆற்றை ஒட்டி இருந்த எங்கள் பழைய வீட்டையே சென்ற வருஷம் இடித்துக்கொண்டு போன வெள்ளம் அது.

ஜூன் 4

ஏழெட்டு எவ்வளவு என்று கணக்கு டீச்சர் கேட்டார். “முழங்கால்” என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

ஜூன் 5

அதிகாரி ஓர் அக்கா! காலில் சேறு படிந்த பூட்ஸ், கையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஆளுயர அளவுகோல். அதை என்னையே பிடிக்கச் சொன்னார். பெருமை தாங்கவில்லை.

“முழங்கால் வரைக்கும்தான் மேடம்,” என்றார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்தார். “வெள்ளம் வந்தப்போ நீ எங்கேம்மா இருந்தே?”

“அப்பா தோள்ல.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. முழங்கால் தண்ணீரில் இவ்வளவு பெரிய பெண்ணை யார் தோளில் தூக்குவார்கள்? அக்கா என் கையிலிருந்து கோலை வாங்கி அப்பாவின் தோளை ஒட்டி நிறுத்தி, அளவைக் குறித்துக்கொண்டார்.

போச்சு. வீடு, அறை, கதவு — எல்லாம் என் வாயால போச்சு. அப்பா என்னை என்ன செய்வாரோ?

ஜூன் 6

அப்பா திட்டவில்லை. பேசவும் இல்லை. அதுதான் இன்னும் பயம். அம்மா மட்டும், “உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி,” என்றாள். சிரித்தாளா என்ன?

ஜூன் 19

அனுமதி வந்துவிட்டது! வந்தேவிட்டது! சில நிபந்தனைகள் மட்டும்: அக்கா குறித்த அளவைவிட உயரமான தூண்கள் மேல் கட்ட வேண்டும், கீழே அறை எதுவும் கூடாது, தண்ணீர் ஓட வழி விட வேண்டும். அப்பா தலையை விட உயரத்தில் எங்கள் வீடு! “உங்க வீட்டுக்குக் கால் முளைக்கப் போகுது பாப்பா,” என்கிறார் கொத்தனார். கத்த வேண்டும் போல இருக்கிறது. தலையணையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாதான் இன்னும் பேசவில்லை.

செப்டம்பர் 14

தளம் போட்டாயிற்று. இன்று அப்பா மேலே நின்றுகொண்டு கூப்பிட்டார். என்னைத்தான்!

“உன் ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்மா வைக்கணும்?”

“ஆத்துப் பக்கம்.”

“பயமா இல்லையா?”

“இருக்குப்பா. அதான். தண்ணி வர்றப்பவே பார்த்துடலாமே.”

அப்பா கொத்தனார் பக்கம் திரும்பி, “கேட்டீங்கல்ல? பெரிசாவே வைங்க,” என்றார்.