பட்டன் இல்லாத பியானோ

மே 20, செவ்வாய்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும். ஹெட்போன் ஒயர் பிய்ந்துவிட்டது, டேப் சுற்ற வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பில் இசைப் பாடம் இருப்பது எங்கள் பக்கம் அந்த ஒரு பள்ளியில்தான். அங்கே கிடைக்காவிட்டால் பழைய பள்ளியிலேயே காமர்ஸ். எனக்கும் அதற்கும் ஆகவே ஆகாது.

போன வாரம் அங்கே இசை மிஸ் கேட்டது: "பியானோல எத்தனாவது கிரேடு பரீட்சை முடிச்சிருக்க?"
"கிரேடு எல்லாம் இல்ல மிஸ். சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறேன்."
"சர்டிபிகேட் கேக்கலமா. ஆனா அஞ்சாவது கிரேடு அளவுக்குக் கை ஓடணும். இல்லன்னா பன்னண்டாவது ப்ராக்டிகல்ல மார்க் வராது. வெளியிலிருந்து மார்க் போட வர்றவங்க தயவு பாக்க மாட்டாங்க."

இரண்டு பக்கத்துக்கு ஒரு பியானோ பீஸ் வாசித்து அனுப்பச் சொன்னார். அவர் அனுப்பிய ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கேட்டுப் பிடித்து, வாசித்து ஆடியோவாக அனுப்பியிருந்தேன். இன்று பதில்: "நீட்டா இருக்கு. வெள்ளிக்கிழமை டெஸ்ட். முந்தின நாள் வந்து பியானோவைத் தொட்டுப் பாத்துக்கோ."

அப்பா இந்த மெசேஜை வெல்டிங் பட்டறையில் ஒருத்தர் விடாமல் காட்டிவிட்டாராம். மானம் போகிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

மே 22, வியாழன்
முசரவாக்கத்திலிருந்து அந்தப் பள்ளி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. புழுக்கம்.

பியானோ பெரிசு. மரம். உட்கார்ந்து மேலே, பக்கவாட்டில், கீழே எல்லாம் தேடினேன். "மிஸ், இதுல டிரான்ஸ்போஸ் பட்டன் எங்க இருக்குது?"

மிஸ் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

சர்ச்சில் பாஸ்டரம்மா ஒரு சுருதியில் பாடுவார், வாலிபர் குழு வேறு சுருதியில். நாங்கள் யாரும் கையை மாற்றுவதே இல்லை. பட்டனை அமுக்கினால் கீபோர்டே சுருதியை ஏற்றும், இறக்கும். விரல் எப்போதும் அதே சி மேஜரில், வெள்ளைக் கட்டைகளில். எனக்கு முன்னால் வாசித்த அண்ணனும் அப்படித்தான். இந்த பீஸையும் மூன்று ஏற்றி வைத்துத்தான் வாசித்தேன். மிஸ் காதுக்கு எல்லாம் சரியாகக் கேட்டிருக்கிறது. ஏமாற்றவில்லை. உலகமே இப்படித்தான் வாசிக்கிறது என்று நினைத்தேன், மண்டு.

"இ ஃப்ளாட் ஸ்கேல் வாசி." அந்த பீஸ் இருப்பதே அந்தச் சுருதியில்தானாம். தெரியவில்லை.
"சரி, ஜி?" தடவித் தடவி.
"சி?" கை ஓடியது. மிஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பட்டனைத் தொடாமல் உட்கார்ந்தேன். கறுப்புக் கட்டையில் விரல் வழுக்குகிறது. அம்மா: "இன்னாடி, புதுசா கத்துக்கிறவ மாதிரி வாசிச்சிக்கினு கீற?" சரியாகத்தான் சொன்னாள். எரிந்து விழுந்தேன். பாவம்.

மே 23, வெள்ளி
டெஸ்ட். எனக்கு முன்னால் போன பெண், பார்த்தே இராத ஒரு நோட்ஸ் தாளைக் கொடுத்ததும் பார்த்து வாசித்துவிட்டாள். அவள் மேல் கோபம், காரணமே இல்லாமல்.

நான்: நாலு வரி, தடங்கல். மறுபடி முதலிலிருந்து. தடங்கல். அப்புறம் கை தானாக சி மேஜருக்குப் போய்விட்டது. கடைசி வரை அழகாக வாசித்தேன், தப்பான சுருதியில். மிஸ் பக்கத்தில் இருந்த சார் பேனாவை மூடி வைத்தார்.

மிஸ் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். "காது இருக்கு உனக்கு. நிறைய பேருக்கு அது இல்ல. ஆனா கை முதல் கிரேடுலதான்மா நிக்குது. திங்கக்கிழமை லிஸ்ட் ஒட்டுவாங்க, உன் பேர் இருக்காது. காமர்ஸ் சீட்டாவது போயிடக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்றேன்." நல்லவர். அதனால்தான் இன்னும் அழுகை வந்தது.

கேட்டில் அப்பா. பட்டறையிலிருந்து நேராக வராமல், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.
"இன்னாமா ஆச்சி?"
"நல்லா பண்ணேன்பா."

ஏன் சொன்னேன், தெரியவில்லை. தெரியும். அந்தச் சட்டை.

மே 24, சனி
கீபோர்டு உறையைப் பிரிக்கவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட இரண்டு முறை போனேன். முதல் முறை ஃபோனில் இருந்தார், அத்தையிடம், என்னைப் பற்றித்தான். அடுத்த முறை என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லுமா."
"தண்ணி வந்திச்சாப்பா?"
கோழை.

மே 25, ஞாயிறு
சர்ச். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் இரைச்சல்.

கர்த்தர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். அவர் ஒருநாளும் எழுந்ததில்லை, கூச்சம். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு: "எங்க அப்பாரு அடுத்தவன் நெலத்துல ஏர் ஓட்டினாரு. நான் வெல்டிங் பண்றேன். எம் பொண்ணு பெரிய ஸ்கூல்ல பியானோ வாசிச்சி பாஸ் பண்ணிக்கிது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பாஸ் என்று நான் சொல்லவே இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். பாஸ்டரம்மா வந்து என் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஆமென் சொன்னேன்.

வண்டியில் வரும்போது அப்பா தலையைத் திருப்பி: "நாளைக்கிப் பட்டறைக்கி லீவு சொல்லிட்டேன்மா. லிஸ்ட்டுல உம் பேர நானே பாக்கணும். ஃபோட்டோ புடிச்சி அத்தைக்கி அனுப்பணும்."