வன்னிக் காட்டில் நீல டேப்

என் அருமை அந்தோணி மச்சான்,

முதலில் பாவசங்கீர்த்தனம். நீ இருக்கும்போது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாய். இப்போது உன் கைக்குச் செருப்பு எட்டாது என்ற தைரியத்தில் சொல்கிறேன். நான் ஓடவே இல்லை.

நாலு வருஷம், சனிக்கிழமை காலை தவறாமல், துபாயின் தேராவிலிருந்து என்னை முஷ்ரிஃப் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனாயே, ஒரு நாள்கூட ஓடவில்லை. நீ மரங்களுக்குள் மறைந்ததும், வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னாலிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து மஸ்கோத் அல்வாவை எடுப்பேன். நீ திரும்பும் நேரத்துக்குச் சற்று முன்னால் அரை லிட்டர் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றிக்கொள்வேன். "நல்லா வேர்த்திருக்குலே மாப்ள" என்று நீ சந்தோஷமாக முதுகில் தட்டுவாய். நீ மட்டும் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு இஸ்திரி கலையாமல் வந்து நிற்பாய். பழகின உடம்பு என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்.

எல்லாம் அந்த நெதர்லாந்துப் பயணத்தால் வந்த வினை. கடலடியைத் தோண்டும் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்த உன்னை ஆறு வாரப் பயிற்சிக்கு அங்கே ஒரு சின்ன ஊருக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பெயரை நீ சொல்லும்போதெல்லாம் தொண்டையில் மீன்முள் சிக்கிவிட்டதோ என்று உன் தங்கை மெர்சி தண்ணீரோடு ஓடி வருவாள். அண்ணன் மேல் அத்தனை பாசம். கட்டின புருஷனான எனக்கு நிஜமாகவே முள் சிக்கியபோது, சோற்று உருண்டையை விழுங்கச் சொல்லி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

அந்த ஊரில் ஓடுவதற்கென்றே வழிகள் உண்டாம். ஊர்ப் பூங்காவில் தொடங்கி, காட்டுக்குள் புகுந்து, முழங்கால் உயரப் புதர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் வெளியைச் சுற்றி, புறப்பட்ட வாசலிலேயே கொண்டுவந்து விடுமாம். வழி நெடுக மரக்கட்டைகள், அவற்றின் தலையில் வண்ணம். சிவப்பைப் பிடித்தால் ஐந்து கிலோமீட்டர், நீலத்தைப் பிடித்தால் பத்து. "ஒருத்தன்ட்டயும் வழி கேக்க வேண்டாம்லே மாப்ள, கலரப் பாத்து ஓட வேண்டியதுதான்" என்றாய். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நாயோடு உன்னை முந்திப் போனதைக்கூடப் பெருமையாகச் சொன்னாய். எனக்கு இளக்காரம்தான் வந்தது. தொலைந்துபோகவே வழியில்லாத காடு என்ன காடு, மச்சான்?

திரும்பி வந்த மறுவாரமே முஷ்ரிஃபில் இறங்கிவிட்டாய். இந்த ஊர் அரபிகள் காஃப் என்று கொண்டாடும் மரம் நம்மூர் வன்னிதான். மணலில் நிற்கிற அந்த வன்னிகளில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினாய். சர்க்கரைக்காரனான எனக்குச் சிவப்பு, ஐந்து கிலோமீட்டர். உனக்கு நீலம், பத்து. கூட்டிப் பெருக்கும் பங்களாதேஷ் பாய் ஒவ்வொன்றாகப் பிய்ப்பார், நீ மறுபடி சுற்றுவாய். "பாய், யே கியா ஹை?" என்று, இது என்னவென்று அவர் கேட்டதற்கு "ஹாலந்து" என்றாய். ஏதோ மரநோய் என்று நினைத்துக்கொண்டார் போல, பாவம், இரண்டடி தள்ளியே நின்றார்.

எட்டு மாதம் முன்பு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். ஜெபத்துக்கு வந்த அத்தனை தொப்பைகளும் ஒரே வசனம்தான் சொன்னார்கள்: "ஓடுத மனுசனுக்கே இப்படின்னா…" முகத்தில் துக்கத்தைவிட நிம்மதி அதிகம். ஆயுள் முழுக்க நகராமல் கிடக்க அவர்களுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. நீ செத்தது வீண்போகவில்லை.

நான் மட்டும் யோக்கியனா? ஏதாவது பேச வேண்டுமே என்று எழுந்து, "நீல வழியில அவன்கூட நாப்பது தடவ ஓடியிருக்கேன்" என்றேன். சாவு வீட்டில் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஆனால் ஊரில் கல்லூரியிலிருந்து பறந்து வந்த உன் மகள் ஜெனி மூலையில் நின்றிருந்தாள்.

இனி வைகறை ஓட்டக் குழுவைப் பற்றி. பெயர்தான் வைகறை, கூடுவது ஏழரை மணிக்கு. உன் பழைய ஷூவைப் பார்த்துச் சிரித்து, உன்னைச் சேர்த்துக்கொள்ளாத அதே கும்பல்தான். தலைவன் வரதராஜன். 'கோச்' என்று கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான். கைக்கு ஒன்றாக இரண்டு வாட்ச், ஒன்று இதயத்துக்கு, ஒன்று தூரத்துக்கு. மூளைக்கு எதுவும் கட்டுவதில்லை, அங்கே அளக்க ஒன்றுமில்லை. மூன்று கிலோமீட்டர் ஓட நாற்பது நிமிடம் உடம்பை முறுக்குவார்கள், பிறகு ஒரு மணி நேரம் போட்டோ. வாழைப்பழம் தின்பதற்கு 'ஃப்யூயலிங்' என்று பெயர். படுத்துத் தூங்கினால் 'ரெகவரி'. இந்தக் கணக்கில் பார்த்தால் நான் பிறந்ததிலிருந்தே ரெகவரியில்தான் இருக்கிறேன்.

செத்த பிறகு நீ அவர்களுக்கு 'லெஜண்ட்' ஆகிவிட்டாய். உன் படம் போட்ட டீ ஷர்ட் அடித்திருக்கிறார்கள். எந்தப் படம் தெரியுமா? கம்பெனி அடையாள அட்டையில் இருப்பது. போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி பதினோரு மார்பில் நீ முறைத்துக்கொண்டிருக்கிறாய். நினைவு ஓட்டத்தை மாலுக்குள் வைக்கலாம் என்றுதான் வரதராஜன் முதலில் சொன்னான். "ஏசி இருக்கு சார், பார்க்கிங் ஃப்ரீ, முடிச்சதும் நேரா ஃபுட் கோர்ட். அந்தோணி சார் ஆத்மாவும் கூலா இருக்கும்."

அதற்கும் நான் தலையாட்டியிருப்பேன். அந்த வாரம் பார்த்து ஜெனி வந்து சேர்ந்தாள், பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து பத்து நாள் விசிட்டில். உன் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவும் பெண்ணும் ஊருக்குப் போனதற்கு அப்புறம் இப்போதுதான் வருகிறாள். வந்து பையை இறக்கிவைத்த கையோடு கேட்டாள்.

"மாமா, அப்பாவோட ப்ளூ ரூட்ட ஒரே ஒரு தடவ ஓடணும். நீங்கதான கூட ஓடுனவங்க? கூட்டிட்டுப் போங்க."

"வெயிலா இருக்கேம்மா."

"ஜனவரி மாமா!"

மெர்சி என்னையே பார்த்தாள். இருபத்தி மூன்று வருஷமாக என் பொய்களைத் துவைத்துக் காயப்போட்ட கண்கள்.

இதில் நான் பிடிபட்டால் பாதகமில்லை. மெர்சியிடம் வாராவாரம் பிடிபடுகிறவன்தான். ஆனால் அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அவன் ஓடிய தடத்தில் கால் வைக்க ஆசைப்பட்டு வந்திருக்கிறாள். அந்தத் தடம் என் தலைக்குள் இருப்பதாக நம்பியும் வந்திருக்கிறாள். என் தலைக்குள் இருந்தது ஒரு பெஞ்சும் அல்வாவும். இதை எந்த வாயால் சொல்ல?

விஷயம் கேள்விப்பட்ட வரதராஜன் நினைவு ஓட்டத்தையே மாலிலிருந்து நீல வழிக்கு மாற்றிவிட்டான். வெள்ளிக்கிழமை தனியாகப் போய்த் தேடினேன். முதல் மரத்தில் வெளுத்துப்போன நீலத் துணுக்கு. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில் கொஞ்சம் பசை. அதற்கப்புறம் வன்னிக்குப் பின் வன்னியாகத் தடவிப் பார்த்தேன், எதுவுமில்லை. பாயின் கடமையுணர்ச்சியைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை நான் முன்னால், எனக்குப் பக்கத்தில் ஜெனி, பின்னால் பதினோரு நீ. மூன்று மரம்வரை கம்பீரமாக ஓடினேன். பிறகு மனம்போனபடி இடப்பக்கம் திரும்பினேன். மூச்சு இரைத்தபோதெல்லாம் நின்று, "இங்கதான் அவன் கொஞ்சம் நிப்பான்" என்றேன். பதினோரு பேரும் பக்தியோடு நின்றார்கள். மறுபடி இடப்பக்கம் திரும்பினேன். பச்சைத் தண்ணீர்த் தொட்டி ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அதே தொட்டி. இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

ஜெனி குனிந்து காதில் கேட்டாள்: "மாமா, இந்தத் தொட்டி நம்ம சொந்தக்காரங்களா?"

"அப்பாவுக்கு இந்தத் தொட்டின்னா ரொம்ப இஷ்டம்மா."

அந்தப் பெண் சிரித்தாள், மச்சான். மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போனபின் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு எந்த நிமிடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரதராஜன் இரண்டு வாட்ச்சையும் அமுக்கினான். "ப்யூட்டிஃபுல் லூப்! மூணு ரவுண்டு! இதுல ஒரு சயின்ஸ் இருக்கு சார். அந்தோணி சார் ஒரு விஷனரி!"

அன்றைய என் திண்டாட்டம் முழுவதையும் அந்த வாட்ச் படமாக வரைந்துவிட்டது. முட்டுச்சந்தில் போய் முட்டிக்கொண்டது, கழிப்பறை வாசல்வரை போய்த் திரும்பியது, எல்லாம். அதற்கு உன் பெயரை வைத்திருக்கிறார்கள். இப்போது வாராவாரம் அந்தப் புத்திசாலிகள் கழிப்பறைக் கதவைத் தொட்டுத் திரும்பி, தொட்டியை மூன்று முறை வலம் வருகிறார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "ஏன் கோச் மூணு ரவுண்டு?" என்று அப்பாவியாகக் கேட்டிருக்கிறார். "ஹார்ட்டுக்கு நல்லது" என்றானாம். படித்தவர்கள், மச்சான். நாலு பேர் இன்ஜினியர். காட்டிலே கட்டை நட்டு வழிகாட்டிய அந்த நெதர்லாந்துக்காரன் இவர்களைப் பார்த்தால் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

நீ உண்மையில் எந்தப் பக்கம் திரும்பினாய்? மூன்றாவது மரத்துக்கு அப்பால் வலமா, இடமா? ஒரே ஒரு நாள் அல்வாவை மூடி வைத்துவிட்டு உன் பின்னால் வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் வாக்கின் லட்சணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் வாங்கிக்கொள். ஜெனி அடுத்த விடுமுறைக்கு வருவதற்குள், அந்தக் கும்பலின் கண்ணில் படாமல், சிவப்பு வழியின் ஐந்து கிலோமீட்டரை நிஜமாகவே ஓடிப் பழகிவிடுவேன். நேற்று அறுநூறு மீட்டர் ஆயிற்று. சத்தியமாக வேர்த்தது.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டிக்கொண்டு, உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டவன்,
உன் மாப்ள

பி.கு.: ஜெனியை வழியனுப்ப விமான நிலையம் போயிருந்தேன். உள்ளே போகுமுன் சொன்னாள்: "அப்பா போறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே ஓடுறத விட்டுட்டாங்க மாமா. ஹார்ட்ல பிராப்ளம், டாக்டர் கூடாதுன்னுட்டாரு. சனிக்கிழமை ஆனா ஒரு மரத்தடியில உக்காந்துக்கிட்டு எனக்கு வீடியோ கால் போடுவாங்க. 'மாமாட்ட மட்டும் சொல்லிராத. நான் நிறுத்திட்டேன்னு தெரிஞ்சா அவனும் ஓடுறத நிறுத்திருவான், சுகர்காரன்'னு சொல்லுவாங்க."