சந்தோசம் என்ற சொல்

04.09.82 சனி

கச்சான் காற்று. வாய் நிறையப் புழுதி. சந்தையில் கீரி மீன் மட்டும். வீட்டில் நசீமாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது, கால் இரண்டும் வீக்கம்.

பள்ளிக்கூட அதிபர் ஆள் அனுப்பினார். புதனன்று சவளக்கடைக்குப் பெரிய மந்திரி வருகிறாராம். அவருடைய சிங்களப் பேச்சைத் தமிழில் சொல்ல நான்தானாம். சிங்களம் படிப்பிக்கிற வாத்திக்குக் கிடைக்கிற மரியாதை இது. போன முறை ஒரு மாஸ்டர் பிழைவிட்டார். இப்போது மாற்றலாகி மலைநாட்டில் குளிரில் நடுங்குகிறார்.

நசீமா: "பேறு நேரத்தில ஒங்களத் தூக்கிப் போட்டா நான் என்ன செய்ற மச்சான்?"

சவளக்கடை வாய்க்கால் கதவு உடைந்து கிடக்கிறது. மாரிக்கு முன் புதுக் கதவு வராவிட்டால் விதைப்பு இல்லை. அதற்கு மந்திரியின் செயலாளர் கேட்பது 'சந்தோசம்'. இங்கே யாரும் இலஞ்சம் என்று சொல்வதில்லை, சந்தோசம்தான். அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல்லும் அதுதான். பாதி அவருக்கு, பாதி மந்திரிக்கு என்று ஊரெல்லாம் கதை.

08.09.82 புதன்

 யா அல்லாஹ்.

பந்தல், மாலை, வெடி. மந்திரி நன்றாகத்தான் பேசினார். கடைசியில் நெஞ்சில் கை வைத்து, மக்களின் மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றார். நான் மைக்கில்: "எனக்கு வேற ஒண்டும் வேணாம், உங்கட சந்தோசம்தான் வேணும்."

மகிழ்ச்சி என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய்!

 பந்தலே சிரிப்பில் குலுங்கியது. மந்திரி என்னிடம், ஏன் சிரிக்கிறார்கள்? நான் மைக்கைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்தேன். செயலாளருக்கு விளங்கிவிட்டது, முகம் கறுத்தது. அப்போது வீரமுனைக் கணபதிப்பிள்ளை, அந்த வயல்களுக்கெல்லாம் தண்ணீர் பங்கிடுகிற வட்டை விதானை, எழுந்து தன் சந்தைச் சிங்களத்தில் சொன்னார்: "சந்தோசத்தில சிரிக்கிறம், ஐயா."

சிங்களத்திலும் சந்தோச என்றால் மகிழ்ச்சிதான். மறுபடி சிரிப்பு. மந்திரியும் சேர்ந்து சிரித்துக் கைதட்டினார்.

10.09.82 வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் செயலாளர் தான் தங்கியிருந்த வாடிவீட்டுக்குக் கூப்பிட்டார். வேண்டுமென்றே சொன்னாயா? இல்லை சேர். யார் யார் சிரித்தது, பெயர் சொல்லு. "எல்லாரும், சேர். மந்திரி ஐயாவும்."

முறைத்தார். போ என்றார். மந்திரியிடம் முறையிடவும் அவருக்கு வழியில்லை. அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று அவர்தான் சொல்ல வேண்டிவரும்!

திரும்பி வரும்போது தேத்தண்ணிக் கடையில் காசு வாங்க மறுத்தார்கள். "நீங்க பிழையாவா மாஸ்டர் சொன்னீங்க?" அவ்வளவு சனத்தில் ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நன்றியை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. பள்ளிவாசலில் அழுதேன்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், வெள்ளைத் துணி, பேறுகால மருந்து.

15.09.82 புதன்

மாற்றல் கடிதம் வரவில்லை. செயலாளரின் ஜீப் எங்கே நின்றாலும் சனங்கள் மிகவும் பணிவாக, "சந்தோசம், சேர்!" ஜீப் இப்போது நிற்பதே இல்லையாம்.

மழைக்குணம். நசீமாவுக்கு இடுப்பு வலி.

19.09.82 ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ். பெண் பிள்ளை. வியாழன் விடிய, கல்முனை ஆஸ்பத்திரியில். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு என் மூக்கு, பாவம்.

பின்னேரம் கணபதிப்பிள்ளை தயிர்ச் சட்டியோடு வந்தார். லொறியில் புதுக் கதவு வந்து இறங்கிவிட்டதாம். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். நன்றி சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை. "அத விடுங்க மாஸ்டர். புள்ளைக்கு என்ன பேர்?"

"பர்ஹானா."

"அரபோ? என்ன கருத்து?"

உள்ளே நசீமா சிரிப்பை அடக்குவது கேட்டது.

"மகிழ்ச்சி" என்றேன்.