உட்காராமல் ஏறிய மலை

சென்ற திங்கட்கிழமை காலை, நான்கு நாள் ஆலோசனைக்குப் பிறகு, உன்னுடைய பூட்ஸுகளைக் கதவோரத்திலிருந்து எடுத்துப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் வைப்பது என்று முடிவு செய்தேன். யுத்த காலத்தில் இப்படிப்பட்ட முடிவுகளை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. கதவோரத்தின் நன்மை தீமைகளையும் மேல்தட்டின் நன்மை தீமைகளையும் தனித்தனியே சீர்தூக்கிப் பார்த்தேன். என் மனைவியோடும் கலந்து பேசினேன். "எங்கியாச்சும் தூக்கி வையுங்க, கூட்டறதுக்கு எடைஞ்சலா இருக்குது" என்று அவள் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தாள். அதன் பிறகே காரியத்தில் இறங்கினேன்.

தூக்கும்போது ஆமணக்கெண்ணெய் வாசனை வந்தது. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது, அந்த வாசனை மட்டும் போகவில்லை. விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து, பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் தினமும் காலையில் அவற்றை நீ துடைத்துக்கொண்டிருந்தாய். எங்கும் போட்டுக்கொண்டு போக மாட்டாய், துடைப்பாய். இடதுகால் பூட்ஸ் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு ஆட்களுடையவை போலத் தெரியும். உன் காரியம் முடிந்த மறுநாள் உன் மனைவி பாவாயி அவற்றைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்தாள். "ஊட்ல கெடந்தா பாக்கப் பாக்க எரிச்சலாகுதுங்கண்ணா" என்றாள்.

முதல் யுத்தத்தின் கடைசியில் நீ பட்டாளத்தில் சேர்ந்தாய். நான் இதே ஊரில் போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியாரானேன். உன்னுடையது வடக்கு எல்லையில் மலையை வெடிவைத்துப் பிளந்து பாதை போடும் பட்டாளம். நீ எழுதிய கடிதங்களில் சண்டை இருக்காது, கல்தான் இருக்கும். 'இங்கத்திக் கல்லு நம்ம சங்ககிரிக் கல்லு மாதிரி இல்லை, சொன்ன பேச்சுக் கேக்காது' என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அப்படிச் சொன்ன பேச்சுக் கேளாத கல் ஒன்றுதான் உன் இடது முழங்காலில் உருண்டது.

காலை எடுக்க வேண்டிவரலாம் என்று செய்தி வந்ததும் பாவாயி திருச்செங்கோட்டு மலைக்கு நேர்ந்துகொண்டாள். நீ காலோடு வந்து சேர்ந்தால், காவிரித் தீர்த்தக்குடம் சுமந்து படிவழியாக மலை ஏறுவாய் என்பது வேண்டுதல். உன்னைக் கேட்காமல் உன் காலைப் பற்றி முடிவு செய்தவர்களில் அவள்தான் முதல் ஆள். பிறகு வந்தவர்களுக்கு அவளளவு பிரியம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

காலை எடுக்கவில்லை. ஹவில்தாரான உன்னை ஸ்டோர் காவலுக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு வருஷம் அந்தக் காலோடு நின்றாய். அந்த முழங்கால் அவ்வளவு காலமும் யார் கண்ணிலும் படவில்லை. முழுப் பென்ஷனுக்கு இன்னும் ஐந்து மாதம் என்று ஆனபோது அது டாக்டர்களின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. வைத்தியம் மிகவும் நுட்பமான சாஸ்திரம்.

ஊருக்கு வந்ததும் என் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அதைச் சொன்னாய். "மூணு டாக்டருக. நடன்னாங்க, நடந்தேன். திரும்புன்னாங்க, திரும்புனேன். போன்னாங்க, வந்துட்டேன்."

"ஒண்ணும் கேக்கலையா நீ?"

"அஞ்சு மாசம் இருந்துக்கறேனுங்க, ஸ்டோரைக் கூட்டிக்கிட்டாவது கெடக்கறேன்னு கேட்டேன். நல்ல சிப்பாய்னு சொல்லித் தோள்ல தட்டுனாரு பெரிய டாக்டரு."

"எந்தத் தோள்ல?"

"ஏன், அதுக்கு ஏதாச்சும் பென்ஷன் வருமா?" என்றாய்.

முழுப் பென்ஷன் போயிற்று. பணியில் அடிபட்டவனுக்கு ஊனப் பென்ஷன் என்று ஒன்று உண்டு. அதற்கு நான் மனு எழுதினேன். உன் கால் எந்த மட்டுக்குக் கெட்டிருக்கிறது என்று ஊரில் வந்து விசாரிக்க ரெவினியூ இன்ஸ்பெக்டர் வருவார் என்று பதில் வந்தது. அவர் வருவதற்குள், வேண்டுதலைச் செலுத்த வேண்டிய சித்திரை வந்துவிட்டது. விசாரணை முடியட்டும், அதற்குப் பிறகு மலை ஏறிக்கொள் என்று உன்னிடம் மன்றாடினேன். "சாமிகிட்டப் போயி வாய்தா கேக்க முடியுமாப்பா?" என்றாய்.

அந்த ஏற்றத்தை நான் மறக்கவில்லை. நாலைந்து படிக்கு ஒருமுறை உட்கார்ந்தாய். உட்காரும்போதெல்லாம் உன் தலையிலிருந்த குடம் சாயாமல் பிடித்துக்கொண்டவன், சாமி நம்பிக்கை இல்லாதவன் என்று ஊரில் பெயரெடுத்த நான். பாம்பு செதுக்கிய பாறைக்கு மேலே உன் கால் அடியோடு மறுத்துவிட்டது. உன் சித்தப்பன் மகன்கள் இருவரும் அக்குளில் கை கொடுத்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறங்கும்போது கயிற்றுக் கட்டில். அதற்குப் பிறகு ஆடி பிறக்கும் வரை நீ எழுந்திருக்கவில்லை.

நம் பக்கத்தில் ஒரு வழக்கம். வேண்டுதலோடு ஏறியவன் நடுவில் உட்கார்ந்தான் என்று கூடப் போனவர்கள் வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் சாமி அந்த வேண்டுதலை ஏற்கவில்லை என்று ஆகிவிடும். அந்த வருஷம் மழை பொய்த்தால் சொன்னவன் தலையில்தான் விடியும். அதனால் மலையை விட்டு இறங்கும்போதே எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். அப்படி மறந்த ஊருக்குத்தான் இன்ஸ்பெக்டர் வந்தார்.

சாவடியில் ஊரே கூடியிருந்தது. நீ கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாய். தூணருகே பாவாயி கும்பிட்ட கையோடு நின்றாள். இன்ஸ்பெக்டர் நெற்றி நிறைய விபூதியோடு நாற்காலியில் அமர்ந்து மணியக்காரரைக் கேட்டார்: "ஏனுங்க, இவரால நல்லா நடக்க முடியுதுங்களா?"

"நடக்கறதுங்களா? சாமி, சித்திரையில தீர்த்தக்குடம் எடுத்துட்டு மலையே ஏறுனாருங்க. ஒரே மூச்சு."

"நடுவுல உக்காரலையா?"

"எங்கீங்க உக்காந்தாரு? கூடப் போன எங்களுக்குத்தான் மூச்சு வாங்கிப்போச்சு."

"ஆமாங்க, நாங்க பின்னால ஓட வேண்டியதாப் போச்சுங்க" என்றான் உன் சித்தப்பன் மகன்களில் பெரியவன். உன்னைத் தூக்கிய தோள் அவனுக்கு அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

நான் எழுந்தேன். "நாலு படிக்கு ஒருக்கா உக்காந்தானுங்க. பாம்புப் பாறைக்கு மேல இவங்க ரெண்டு பேருந்தான் தூக்கிட்டுப் போனாங்க."

மணியக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். "வாத்தியாரு தெனமும் பேப்பர் படிக்கறவருங்க. அவருக்குச் சாமின்னாலே ஆகாது." எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு உன் பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க. உக்காந்தீங்களா?"

நீ என்னைப் பார்த்தாய். பாவாயியைப் பார்த்தாய். அவள் கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.

"சாமி காரியமுங்க. உக்காரலைங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து எழுதினார்.

மலை ஏறத்தக்க காலுக்கு ஊனப் பென்ஷன் கிடையாது என்று உத்தரவு வந்தது. பட்டாளத்தில் நிற்க அந்தக் கால் உதவாது என்று ஓர் இலாகா எழுதியிருந்தது. அந்தக் காலுக்கு ஒரு குறையும் இல்லை என்று இன்னோர் இலாகா எழுதியது. இரண்டின் மேலும் ஒரே ராஜாவின் முத்திரை. மணியக்காரரின் கடலைக் காட்டுக்குக் காவல் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்க் கேட்டாயே, நினைவிருக்கிறதா? "கால் சரியில்லாத ஆளப்பா நீ, திருடன் வந்தா ஓடிப் புடிக்க முடியாது" என்றாராம். ஒரே மூச்சில் நீ மலை ஏறினாய் என்று சாட்சி சொன்ன அதே வாய். 

நீ கோபப்படவில்லை. "நான் நல்லா இருக்கனா, இல்லையா? அதை மட்டும் யாராச்சும் ஒருத்தரு முடிவாச் சொல்லிட்டாத் தேவலை" என்றாய். சாவடியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "பாவாயி நின்னுட்டு இருந்தாளேப்பா" என்றாய். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உன் காலை உனக்குத் திருப்பிக் கொடுத்தது அவளுடைய வேண்டுதல்தான் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பென்ஷனை வைக்க உனக்கு மனம் வரவில்லை. வைத்திருந்தால் நல்லது என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். நீ இருந்தால் இதைக் கேட்டுக்கொண்டே பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பாய்.

இப்போது மறுபடி யுத்தம். மணியக்காரர் ஆள் சேர்க்கும் கமிட்டியில் இருக்கிறார். பட்டம் ஒன்று வரும் என்ற எதிர்பார்ப்பில் தலைப்பாகை முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை சந்தைத் திடல்ல கூட்டம் வாத்தியாரே. நம்ம ஹவில்தாரு மலை ஏறுன கதையச் சொல்லப் போறேன். அவரு பூட்ஸை மேடையில வெச்சா எடுப்பா இருக்கும், பாருங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். திங்கட்கிழமை எடுத்த முடிவைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அவர் மறுபடி வந்து கதவோரத்தைப் பார்த்தார், கட்டிலடியில் குனிந்து பார்த்தார். புத்தகங்கள் இருக்கும் பக்கம் அவர் திரும்ப மாட்டார் என்பது எனக்குத் தெரியும். "காணமுங்களே" என்றார். "ஆமாங்க, காணம்" என்றேன்.

பாவாயி திருச்செங்கோட்டுக் கடலை மண்டியில் கடலை உடைக்கப் போகிறாள். உன் மூத்தவன் அங்கேயே மூட்டை தூக்குகிறான். நடை அப்படியே உன் பழைய நடை. வெள்ளிக்கிழமைகளில் நான் பூட்ஸுகளுக்குக் கரியும் ஆமணக்கெண்ணெயும் போட்டுத் துடைக்கிறேன். உன் அளவுக்குப் பளபளப்பு வரவில்லை. தேய்ந்த பக்கத்தைத் துடைக்கும்போது 'உக்காரலைங்க' என்று நீ சொன்ன குரல் காதில் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. மணியக்காரர் வேறெங்கிருந்தோ ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிவந்து மேடையில் வைத்துக் கதையைச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் உன் மூத்தவனும் இருக்கிறான். வருகிற வியாழக்கிழமை சேலத்தில் ரயில் ஏறுகிறான்.