மணிக்கு அறுநூற்றுத் தொண்ணூறு குரோனர்

16 ஒக்டோபர் 2006, திங்கள்

சமையலறைப் பிளக் இன்று கைவைக்க முடியாமல் சுட்டது. கருகிய மணமும் வந்தது. மோர்டென்ஸ்ருட்டில் இந்த வீட்டை வாங்கி ஒரு வருடம்தான். வழக்கம்போல் நோர்வேஜியத்தில் கதைக்க அப்பாவும் அம்மாவும் என்னை விட்டார்கள். மூன்று கம்பனிகளுக்குப் போன் எடுத்துக் கேட்டுக் கொப்பியில் எழுதினேன்.

மலிவான எலெக்றீசியன் மணிக்கு 690 குரோனர். வந்துபோக 450. அதற்குமேல் இருபத்தைந்து வீத வரி. பியூஸ் பெட்டி, சுவருக்குள் வயர் எல்லாம் மாற்ற இருபத்திரண்டாயிரம் வருமாம். முடிந்ததும் சான்றிதழ் தருவார்களாம்.

“அதைக் கொண்டுபோய்ச் சுவரிலை கொழுவிறதே?” என்றார் அப்பா. “அவன்ரை ஒரு மணித்தியாலத்துக்கு நான் ஒரு நாள் முழுக்க ஹோட்டலிலை கோப்பை கழுவோணும்.”

சிரித்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன். சரிதான்.

21 ஒக்டோபர், சனி

சின்னராசா மாமா வந்தார். யாழ்ப்பாணத்தில் எலெக்றீசியனாக இருந்தவர். இங்கே பாடசாலை ஒன்றைக் கூட்டிக் கழுவுகிறார். மே மாதம் இந்த நாட்டுத் தொழிற்பரீட்சை எழுதப்போகிறார். சனிக்கிழமைகளில் நான்தான் அவருக்குப் புத்தகம் வாசித்து விளங்கப்படுத்துவது. அனுமதி இல்லாதவர் வீட்டு வயரைத் தொடக்கூடாது என்ற பாடம் போன கிழமைதான் முடிந்தது.

எங்கள் வயரை மாற்றித் தரச்சொல்லி அப்பா கேட்டார். மாமா என்னைப் பார்த்தார்.

“சோதினை முடியட்டும், ரவியண்ணை. பிடிபட்டால் எழுதவே விடமாட்டாங்கள்.”

“நீ வந்த முதல் வரியம் ஆற்றை வீட்டிலையடா படுத்தனீ? அப்ப நான் உன்னட்டை அனுமதிக் கடுதாசி கேட்டனானே?”

மாமா தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்தார். “அடுத்த சனி வாறன்.”

நான் பாடப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

28 ஒக்டோபர், சனி

மாமா பியூஸ் பெட்டியையும் பிளக்கையும் மாற்றிவிட்டார். அப்பா நீட்டிய காசை வாங்கவில்லை. அம்மா ஐஸ்கிரீம் பெட்டியில் மீன்குழம்பு கொடுத்துவிட்டா.

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: “சுவருக்குள்ளை பழைய வயர் அப்பிடியே கிடக்கு. வாற சனி மாத்திறன். அதுவரைக்கும் கறண்ட் அவணையும் ஹீற்றரையும் ஒண்டாய்ப் போடாதேங்கோ. பிள்ளை, நீ ஞாபகம் வைச்சிரு.”

4 நவம்பர்

மாமாவை இப்போது வரவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். சுவர் உடைத்தால் என் பிறந்தநாளுக்கு வீடெல்லாம் தூசியாம்.

19 நவம்பர், ஞாயிறு

சமையலறை எரிந்துவிட்டது.

நேற்று என் பிறந்தநாள், வீடு நிறையச் சனம். அம்மா அவணில் றோல்ஸ் சூடாக்கினவ. குளிருது எண்டு ஆரோ சொல்ல — நான்தான் ஹீற்றரைப் போட்டனான். நான்தான். ஞாபகம் வைச்சிரு எண்டு மாமா சொன்னவர். புத்தகமெல்லாம் படிக்கிற எனக்கு அது ஏன் ஞாபகம் வரேல்லை?

அம்மாவின் வலது கை முழங்கை வரை வெந்துபோயிற்று. தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம்.

23 நவம்பர், வியாழன்

காப்புறுதிக்காரர் வந்தார். மொழிபெயர்க்க நான். இந்த வயர் வேலையைச் செய்தது யார், சான்றிதழ் எங்கே என்று கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்தபடி, “வீட்டை வித்த கிழவி செய்விச்சது எண்டு சொல்லு.”

அப்படியே சொன்னேன்.

“உன் அப்பா சொன்னது இதுதானா?”

“ஓம்” என்றேன். அது பொய்யில்லை. பொய்யில்லைத்தானே?

5 டிசம்பர்

வீட்டை விற்ற அந்த அம்மா தொலைபேசியில் அழுதா. காப்புறுதியிலிருந்து நட்டஈடு கேட்டு அவவுக்குக் கடிதம் போயிருக்கிறது. எண்பத்தொரு வயது. அப்பா அதை மாமாவிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். மாமா சிரிக்கவில்லை. சாப்பிடாமல் போய்விட்டார்.

20 டிசம்பர்

காப்புறுதி பாதிதான் தருமாம். அவர்களின் கடிதத்தோடு இன்னொரு கடிதத்தின் பிரதியும் இருந்தது. மாமா தானாக எழுதி அனுப்பியது. நோர்வேஜியத்தில், என்னிடம் கேட்காமல். “வேலை செய்தது நான், அனுமதியில்லை, பிழை முழுதும் என்னுடையது.” நான்கே வரிகள்.

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசி என்றார். வாசித்தேன்.

ஹீற்றரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

13 ஜனவரி 2007, சனி

கம்பனி எலெக்றீசியன் காலையிலேயே வந்தான். சனிக்கிழமை என்றால் ஒன்றரை மடங்கு. அப்பா விலை கேட்கவில்லை. சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினார்.

மாமா இப்போது சனிக்கிழமைகளில் வருவதில்லை; அவர் புத்தகம் என் மேசையில். நாங்கள் நிறுத்திய பக்கத்தில் பேருந்துச் சீட்டு. நாலு மணிக்குத் தேத்தண்ணி வைத்த அம்மா, ஒற்றைக் கையால் மூன்று கோப்பை எடுத்து வைத்து, நாலாவதையும் எடுத்தா. பிறகு திருப்பி அலுமாரியில் வைத்தா.